நிக்கோட்டின் பேட்ச், கம், லோசெஞ்ச்: சிங்கப்பூர் மருந்துக்கடைகளில் கிடைப்பதில் எது காசுக்குத் தகும்

சிகரெட்டை விட உதவ, புகை இல்லாமல் நிக்கோட்டின் தரும் பொருள்கள் இவை: தோலில் ஒட்டும் பேட்ச், மெல்லும் கம், வாயில் கரையும் லோசெஞ்ச் மாத்திரை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கம் மட்டும் ஒரு பெட்டி வாங்கி, "முயன்று பார்ப்போம்" என்று மெல்பவர்களில் பெரும்பாலோருக்குக் காசு வீண். பேட்ச்சை அடித்தளமாக ஒட்டிக்கொண்டு, ஆசை முட்டும் நேரத்துக்குக் கம் அல்லது லோசெஞ்ச் சேர்த்துக்கொள்வதுதான் வேலைக்கு ஆகும். கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி எதுவாக இருந்தாலும் மருந்தாளர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கம்மை மிட்டாய் வரிசையில் தேட வேண்டாம். 1992இல் சுவிங்கம்முக்குத் தடை வந்தது. 2004இல் அமெரிக்காவுடனான தடையற்ற வணிக உடன்பாடு நடப்புக்கு வந்த பிறகுதான் மருத்துவக் கம்முக்குக் கதவு திறந்தது.

பொருளை எடைபோடும் முன் எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக வேண்டும். சிகரெட்டைக் குறைக்கவா, அறவே நிறுத்தவா? நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. நாளைக்கு எத்தனை என்பதைவிட எத்தனை ஆண்டு என்பதே அதிகம் கடிக்கும். நாளைக்கு 20 வீதம் 15 ஆண்டு பிடித்தவருக்கும் 10 வீதம் 30 ஆண்டு பிடித்தவருக்கும் மருத்துவர் போடும் கணக்கில் ஒரே 15 'பேக் இயர்' வரும் (நாளுக்கு 20 சிகரெட் வீதம் ஓராண்டு பிடித்தால் ஒரு பேக் இயர்). ஆனால் கூடுதல் ஆபத்து இரண்டாமவருக்குத்தான். "நான் பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்பவர் இழுப்பதை ஆழமாக்கி, கடைசிவரை பிடித்து, குறைத்ததில் ஒரு பகுதியை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 'லைட்' என்று விற்ற சிகரெட்டுகளிலும் இதே கதைதான்.

புள்ளியியல் ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டோவின் குழு 2000இல் பிரிட்டிஷ் ஆண்களை வைத்து வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. விடாமல் புகைப்பவருக்கு 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு. 60 வயதில் விட்டவருக்கு 10, 50இல் விட்டவருக்கு 6, 40இல் விட்டவருக்கு 3, 30இல் விட்டவருக்கு 2. புகைக்காதவருக்கு 1 விழுக்காட்டுக்கும் கீழே. விட்டவுடன் ஆபத்து பூஜ்யமாகிவிடாது. ஏறிக்கொண்டே போவது நிற்கும், அவ்வளவுதான். நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு பிடித்தால் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 மரபணு மாற்றங்கள் படிகின்றன என்று 2016இல் கணக்கிட்டார்கள். படிந்ததை எந்தப் பேட்ச்சும் அழிக்காது. அடுத்த ஆண்டின் 150ஐத் தடுப்பதற்குத்தான் இந்தச் செலவு.

நிக்கோட்டினும் விஷம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அடிமைப்படுத்துவது நிக்கோட்டின், புற்றுநோயை முக்கியமாகக் கொண்டுவருவது எரியும் புகையிலையில் இருந்து வரும் பென்சோபைரீன், நைட்ரோசமைன் போன்றவை. பேட்ச்சில் புகை இல்லை.

இனி கம். இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் பார்க்கச் சுவிங்கம் மாதிரியே இருக்கிறது. மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு மாதிரி ஒரு காரம், ஈறில் ஒரு குறுகுறுப்பு வந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று கடி, பிறகு மறுபக்கம் ஒதுக்கல். ஒரு கம் சுமார் 30 நிமிடம் ஓட வேண்டும். விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகிறது. விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் மூன்றும் வரும். வர வேண்டிய நிம்மதி வராது. "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெட்டியைத் தூக்கிப்போடுபவர்களில் பலரிடம் குறை கம்மில் இல்லை, தாடையில்.

அடுத்த குறை நம் ஊர்ப் பழக்கம். கோப்பிக்கடையில் பரோட்டா முடித்து, கோப்பி ஓ ஒரு மிடறு, உடனே கம். அந்தக் கம் செத்தது. கோப்பி, எலுமிச்சைச் சாறு, சோடா பானங்கள் எல்லாம் அமிலம். வாய் அமிலமாக இருந்தால் நிக்கோட்டின் கன்னத்துச் சவ்வு வழியாக ஏறாது. கம்முக்கு முன் 15 நிமிடமும், வாயில் இருக்கும்போதும் வெறும் தண்ணீர் மட்டும். சிகரெட் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையைத் தொடும், கம்முக்குப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே ஆசை உச்சிக்கு வந்த பிறகு பெட்டியைத் தேடாமல், சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரத்தில், அல்லது வேலை இடைவேளையில் நண்பர்கள் புகைக்க ஒதுக்கிய மஞ்சள் பெட்டிப் பக்கம் நகர்வதற்கு முன்பே வாயில் போட்டுவிட வேண்டும்.

வலிமை 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு. எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர் 4 எடுக்க வேண்டும். பயந்துபோய் 2 எடுத்து, நாளைக்கு மூன்றே மூன்று மென்று, "வேலை செய்யவில்லை" என்பது வழக்கமான கதை. முதல் 6 வாரம் விழித்திருக்கும்போது 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒன்று. ஒரு நாளின் உச்ச அளவு பெட்டியிலேயே இருக்கும். பொய்ப்பல் கட்டியவர்களுக்குக் கம் ஒட்டும். அவர்கள் லோசெஞ்ச் வாங்கலாம். அதைக் கடிக்காமல், விழுங்காமல், பக்கம் மாற்றி மாற்றிக் கரைய விட வேண்டும். கோப்பி விதி அதற்கும் உண்டு.

பேட்ச்சில் தப்பு செய்ய வழி குறைவு. அதுவே அதன் பெரிய பலம். 24 மணி நேர வகை 21, 14, 7 மில்லிகிராம். 16 மணி நேர வகை 25, 15, 10. நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர் 24 மணி வகையில் வழக்கமாக 21இல் 6 வாரம், 14இல் 2, 7இல் 2 என்று இறங்க வேண்டும். கண் விழித்ததும் சிகரெட் தேடுபவருக்கு 24 மணி வகை நல்லது. கனவுகள் படம்போல ஓடித் தூக்கம் கெட்டால் படுக்கும்போது கழற்றிவிடலாம், இல்லை 16 மணி வகைக்கு மாறலாம்.

நம் வெயிலில் பேட்ச் கழன்று விழுவதுதான் பெரிய புகார். குளித்து, ஈரம் முழுக்கக் காய்ந்த, முடி இல்லாத மேல்கை அல்லது மார்பு. அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் கூடாது. உள்ளங்கையால் 10 நொடி அழுத்திப் பிடிக்கவும், ஓரங்களைத் தனியாக ஒரு முறை நீவவும். மறுநாள் வேறு இடம். அதே இடத்துக்கு ஒரு வாரத்துக்கு முன் திரும்பினால் அரிப்பு கூடும். ஒட்டிய இடத்தில் லேசாகச் சிவப்பது இயல்பு, கொப்புளம் எழுந்தால் நிறுத்த வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் முன் கழற்றுங்கள், சிலவற்றில் உலோகப் படலம் உண்டு. நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று பேட்ச்சைப் பிய்க்க வேண்டாம். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அடுத்த சிகரெட்டைத்தான் தவிர்க்க வேண்டும்.

விலை கூடுதல் என்பார்கள். 2023 பட்ஜெட்டில் சிகரெட் ஒன்றுக்கான வரியை 49.1 காசாக்கினார்கள். அந்தக் கணக்கில் 20 அடங்கிய பாக்கெட்டுக்கு வரி மட்டுமே 9 வெள்ளி 82 காசு ஆனது, பொருள் சேவை வரி தனி. பேட்ச் பெட்டி விலையை உள்ளே இருக்கும் எண்ணிக்கையால் வகுத்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சிகரெட்டை மாற்று வழியாக இங்கே பேசவே வேண்டியதில்லை: 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டம் இலவசம், 28 நாள் புகைக்காமல் இருக்கும் இலக்கு வைக்கும். 28 நாள் தாண்டியவர் நிரந்தரமாக விடும் வாய்ப்பு 5 மடங்கு என்று விளம்பரம் சொல்கிறது. தாண்டியவர்கள் ஏற்கெனவே உறுதியானவர்களாகவும் இருக்கலாம் என்பதால் அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் பேச ஆள் கிடைப்பது பேட்ச்சின் பலனைக் கூட்டும், அதில் ஐயம் இல்லை. தொலைபேசி எண் 1800 438 2000. தமிழில் பேச வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

சிலர் இவை எதற்கும் போகாமல், ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே அடங்கிய பரிசோதனைத் தொகுப்பு வாங்கி நிம்மதி அடைகிறார்கள். வருடாந்திர எக்ஸ்ரே நுரையீரல் புற்றுநோய் மரணத்தைக் குறைக்கவில்லை என்பது 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு. குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் வேறு. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் அது மரணத்தை 20 விழுக்காடு குறைத்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 55 முதல் 74 வயது வரை, குறைந்தது 30 பேக் இயர் புகைத்தவர்கள். ஸ்கேனில் 'ஏதோ இருக்கிறது' என்று காட்டியவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல் புற்றுநோய் அல்ல. பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும். தொகுப்பு வாங்கும் முன் உள்ளே எக்ஸ்ரேயா, சிடியா என்று கேளுங்கள்.

கடைசியாக, பெட்டியில் பெரும்பாலும் எழுதாத ஒரு விஷயம். புகை, கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. புகை நின்றால் அதே மூன்று கோப்பி இரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தங்கும். முதல் வாரத்துப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மையில் ஒரு பங்கு இதனாலும் இருக்கலாம். நிக்கோட்டின் பசி என்று எண்ணிப் பலர் சிகரெட்டுக்கே திரும்புகிறார்கள். கோப்பியைப் பாதியாக்குங்கள். மனநல மருந்துகளான க்ளோசபைன், ஓலன்சபைன், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு உடம்பில் ஏறும். அவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கவுண்டரில் தாங்களாக வாங்காமல், விடும் தேதியைக் குறித்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) தங்கள் மருத்துவரிடமோ போக வேண்டும்.