விற்று முடித்த பிறகு எழுதும் பஜெரோ விமர்சனம்

வண்டி கைமாறிவிட்டது, பணமும் வந்து சேர்ந்துவிட்டது, அதனால் இதில் விளம்பரம் எதுவும் கிடையாது. மிட்சுபிஷி பஜெரோ, நான்காம் தலைமுறை, 3.2 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். டீலரிடம் விடாமல் நானே நேரடியாக விற்றேன். பழைய பஜெரோ தேடுகிறவர்களுக்கும், இருப்பதை விற்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

இந்த மாடல் 2006-இல் வந்தது, 2021-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. சில நாடுகளில் மொன்டேரோ, ஷோகன் என்றெல்லாம் பெயர். இதை வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் சூப்பர் செலக்ட் என்கிற ஃபோர் வீல் டிரைவைத்தான் சொல்வேன். பழைய பாணி வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்துவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், காய்ந்த தார்ச்சாலையில் வளைத்தால் யாரோ பிரேக்கை மிதித்துப் பிடித்திருப்பதுபோல இழுக்கும், அதனால் சேற்றில் இறங்கினால் தவிர அதை யாரும் தொடுவதில்லை. பஜெரோவில் முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் ஒன்று நடுவில் இருக்கிறது. மழை தொடங்கியதும் ஓடிக்கொண்டே, மணிக்கு 100 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும், லிவரை நகர்த்தி நாலு சக்கரத்துக்கு மாறிவிடலாம், வளைவில் முறுக்கிக்கொள்ளாது. மணலோ சேறோ வந்தால் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டலாம். ரொம்ப மோசமான ஏற்றம் என்றால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லோ ரேஞ்ச், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் கியர். சும்மா போகும்போது பின் சக்கரம் மட்டும்.

குறைகளும் உண்டு. டீசல் சத்தம் உள்ளே கேட்கும், பாட்டு போட்டால்தான் மறக்கலாம். மூன்றாவது வரிசை சீட்டு தரைக்குள் மடங்கிப் போய்விடும் என்பது நல்ல ஏற்பாடு, ஆனால் விரித்துப் போட்டால் பெரியவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். 1999-இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்தே அடியில் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நெடுஞ்சாலையில் அது சுகம், பெரிய பாறை மேல் ஏறி விளையாட நினைக்கிறவர்கள் வேறு வண்டி பார்க்கலாம். அப்புறம் டக்கார் என்கிற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயம்: பஜெரோ 12 முறை ஜெயித்தது, அதில் 2001 முதல் 2007 வரை தொடர்ச்சியாக. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இதை எனக்கே சொன்னார்கள்! கடைசி வருடங்களில் ஓடிய பந்தய வண்டிக்கும் ஷோரூமில் விற்ற வண்டிக்கும் பெயரைத் தவிர அதிக உறவில்லை, அதை நம்பி விலை ஏற்றவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

சரி, "நன்றாகப் பராமரித்த வண்டி" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். பாலிஷ் போட்ட கதவை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, கீழே குனிய வேண்டும். எஞ்சின் ஆயில் மாற்றிய பில் எவரிடமும் இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே தடுமாறும். தண்ணீரில் இறக்கி ஓட்டிய வண்டியில் அந்த ஆயில் பால் கலந்த நிறத்தில் வெளியே வரும். நான் விளம்பரத்தில் வண்டியின் அடிப்பக்கப் படங்களைத்தான் முதலில் போட்டேன்: சிவி பூட் (அச்சின் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழியாமல் இருப்பது, ஆயில் சீல் ஓரம் கசிவில்லாமல் காய்ந்திருப்பது, பின் சக்கரத்துக்கு மேல் வளைவில் துரு இல்லாதது. கூப்பிட்டவர்கள் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

வாங்க வருகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது முதல் ஸ்டார்ட். இந்த 3.2 டீசலில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். செயின் என்பதால் ஆயுசுக்கும் தொட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள், ஆறிய எஞ்சினில் முன்பக்கம் கடகடவென்று கேட்டால் செயினைத் தாங்கும் கைடு, இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும். விற்கிறவர் நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து ஃபோர் வீல் லிவரை எல்லா நிலைக்கும் மாற்றி டேஷ்போர்டு விளக்கைப் பாருங்கள். சக்கரப் படத்தில் முன்பக்க விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் முன் அச்சு சரியாக இணையவில்லை என்று அர்த்தம். அதை இணைப்பது வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சும் விசைதான், பல நேரம் வெடித்துப்போன சின்ன ரப்பர் குழாய்தான் காரணமாக இருக்கும், ஆனால் விலை பேசும்போது பெரிய கோளாறாகவே பேசலாம், தப்பில்லை. பூட்டிய நிலையைச் சோதிக்க மண்தரைக்குப் போங்கள், தார்ச்சாலையில் வேண்டாம். டயர் நாலும் ஒரே அளவா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண் டயர் தயாரித்த தேதி, அதில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம்.

நேரடியாக விற்பதற்கு என் மதிப்பீடு? பொறுமை இருந்தால் நல்ல வழி, இல்லாவிட்டால் டீலரிடமே விட்டுவிடுங்கள். வண்டியைப் பார்க்காமலேயே "கடைசி விலை என்ன" என்று கேட்பவர்களுக்கு நேரில் வாருங்கள் என்பதைத் தவிர வேறு பதில் தேவையில்லை. சின்னக் கீறல், ஏசி சில்லென்று ஆக எடுத்துக்கொள்ளும் நேரம், எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிட்டேன், அதனால் நேரில் வந்தபிறகு குறைத்துக் கேட்க அவர்களிடம் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள், கூடவே உட்காருங்கள். அவருடைய மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். வாங்கியவர் அப்படித்தான் கூட்டிவந்தார், அந்த மனிதர் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவேயில்லை, வந்ததும் அவரிடம் தனியாக ஏதோ சொன்னார், அதற்குமேல் பேரம் அதிகம் நடக்கவில்லை. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சாவியைக் கொடுக்க வேண்டாம், உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பெயர் மாற்றக் கையெழுத்தும் அன்றே போடுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், இரண்டாவது சாவி மூன்றையும் மறக்காமல் எடுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் போன் வரும்.