டெல்டா சாலைகளில் கான்டினென்டல் ஜிடி 650: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய பந்தய பைக்கின் தோரணை வேண்டும், ஆர்சி புத்தகத்திலும் வில்லங்கம் கூடாது என்பவர்களுக்கு ராயல் என்ஃபீல்டின் ஜிடி 650தான் நேரான வழி. பழைய வண்டியின் சேஸியை வெட்டி கஃபே ரேசர் (பந்தய பைக் தோற்றம்) ஆக்கினால், பதிவான அமைப்பை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது அந்த வலி புரியும்.

1960களின் நடுவில் வந்த 250 சிசி கான்டினென்டல் ஜிடியின் சாயல்தான் இது. நீளமான டேங்க், முன் ஃபோர்க்கில் தனித்தனியாகப் பூட்டிய தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் 47 குதிரைத்திறன் தருகிறது. தஞ்சாவூர்-கும்பகோணம் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தால் இந்த இன்ஜின் மேல் ஆசை வராமல் இருக்காது.

சோதனை ஊருக்குள்தான். எண்பதில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும். மகாமகக் குளத்தைச் சுற்றி ஊரும்போது உடல் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். முழங்காலால் டேங்கை இறுக்கி, முழங்கையைத் தளர்த்தி உட்காரப் பழகினால் பாதி வலி குறையும். தினமும் கடைத்தெரு, பின்னால் வீட்டம்மா என்றால் இதே இன்ஜினோடு ஹேண்டில் உயர்ந்து வரும் ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டரே சரி.

சக்கரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 2023இல் வந்த அலாய் வீல், டியூப்லெஸ் மாடலையே எடுங்கள். வாய்க்கால் கரைச் சாலையெல்லாம் சீமைக் கருவேல முள். டியூப்லெஸ்ஸில் முள்ளைப் பிடுங்காமல் அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம். ஸ்போக் வீலில் டியூப் சட்டென்று இறங்கிவிடும். சக்கரத்தையே கழற்ற வேண்டும். பின் டயர் 130/70-18. அதற்கான டியூப் கிராமத்துப் பஞ்சர் கடையில் கிடைப்பது அரிது, ஸ்போக் வீல்தான் என்றால் கையோடு ஒன்று இருக்கட்டும்.

மாசி, பங்குனியில் சாலையில் உளுந்துச் செடி காயப் போடுவார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். கொடி செயினின் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) சுற்றும். காய்ந்த செடி சூடான சைலன்சர் குழாயில் ஒட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். தாண்டியதும் ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். ஓடும் செயின் பக்கம் கை போகவே கூடாது.

சம்பா அறுவடையில் அறுப்பு மெஷின் கொட்டிவிட்டுப் போகும் களிமண் வேறு. மட்கார்டுக்குள் காய்ந்தால் கல்லாகிவிடும், ஈரத்திலேயே கழுவுங்கள். செயினுக்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் போட்டால் செயின் கண்ணிகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். துடைத்துக் காயவிட்டு 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கம் தடவி, இரவு முழுக்க ஊறவிடுங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புக்காற்று முதலில் கடிப்பது சைலன்சர் குழாயின் அடிப்பக்கத்தை. நின்று பார்த்தால் தெரியாது, குனிந்துதான் பார்க்க வேண்டும்.