நிலைய வகுப்பா, வீட்டு வாசலா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை

"வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியும் டீச்சர், எங்கே வரட்டும்?" என்று கேட்டு யாராவது வந்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். மலேசியாவில், சிலாங்கூரிலிருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் அப்படி வருகிறவர்களுக்கு இரண்டு வழி காட்டலாம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ நடக்கும் டியூசன் வகுப்பில் சேரலாம். இல்லையென்றால், பிள்ளைகளின் வீட்டுக்கே போகலாம். நான் ஆறு வருடம் வகுப்பில் இருந்தேன். கடந்த நான்கு வருடமாக வீடுகளுக்குப் போகிறேன்.

வகுப்பின் பலம் சாதாரணமானதல்ல. 1982-ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற டியூசன் அமைப்பு இந்த நாட்டில் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு போயிருக்கிறது. ஓர் ஆசிரியர், ஒரு வெண்பலகை இருந்தால் போதும், இருபத்தைந்து பேருக்குப் பாடம் நடத்திவிடலாம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அந்த இரண்டு பாடத்தையும் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவில் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன். தொண்டூழியருக்கும் வகுப்பு சுலபம். நான்கு மணிக்குப் போய் ஆறு மணிக்குக் கிளம்பலாம். ஒரு வாரம் காய்ச்சல் என்றால் வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

சரி, அந்த வகுப்புக்கு வருவது யார்? வர முடிந்த பிள்ளைகள்தான். எங்கள் ஊரைச் சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. 1917-ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதே பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் முக்கால்வாசி காலியாகிவிட்டன. மிச்சமிருக்கும் குடும்பங்கள் உள்ளே தள்ளி இருக்கின்றன. வெளியேறியவர்கள் மலிவு வீடுகளில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். வீட்டுக்கு ஒரு மோட்டார், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். சனிக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து விட ஆள் இல்லை. வகுப்பில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் "அவனுக்கு ஆர்வமில்லை" என்று நாமே எழுதி முடித்துவிடுகிறோம். அந்த ஆறு வருடத்தில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படித்த ஒரு பையன் நின்றுபோனபோது, தோழி ஒருவரோடு அவன் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் பள்ளிச் சப்பாத்து, பின்பக்கத்தை மிதித்து மிதித்துச் செருப்பு போல ஆகியிருந்தது. கால் வளர்ந்துவிட்டது, சப்பாத்து பழைய அளவு. அம்மா "பசியாறிட்டுப் போங்க டீச்சர்" என்று உள்ளே கூப்பிட்டார். பேச்சுவாக்கில், "பள்ளிக்கூடத்துல இருந்து என்னமோ அனுப்புறாங்க, பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று உறைகளை எடுத்தார். மூன்றுமே வராத நாட்களுக்கான எச்சரிக்கைக் கடிதங்கள். எல்லாம் மலாயில். அந்த அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. பள்ளியிலிருந்து வந்த காகிதம் என்பதால் மரியாதையாகச் சாமியிடம் வைத்திருக்கிறார். பள்ளியோ, பெற்றோர் பதிலே சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்த உறைகள் கண்ணில் பட்டிருக்காது.

வீட்டுக்குப் போவது இப்போது முன்னைவிட அவசியம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு பன்னிரண்டு வயதில் யு.பி.எஸ்.ஆர்., பதினைந்து வயதில் பி.டி.3 என்று இரண்டு அரசுத் தேர்வுகள் இருந்தன. 2021-லும் 2022-லும் அடுத்தடுத்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அழுத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால் தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய் பழக ஒரு வருடம் இருக்கும் பெரலிஹான் வகுப்புக்குப் போய், அங்கே மலாய் பிடிபடாமல் மெல்ல ஒதுங்கும் பிள்ளையைச் சுட்டிக்காட்ட, அந்த இரண்டு தேர்வும் இல்லாமல் போய்விட்டன.

அப்புறம் பத்திரங்கள். பன்னிரண்டு வயதில் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இல்லை. கோயிலில் தாலி கட்டியிருக்கிறார்கள், பதியவில்லை. 1982 மார்ச்சிலிருந்து திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்ததாகிவிடும். தாய்க்கே அடையாள அட்டை சரியாக இல்லையென்றால் பிள்ளை நடுவில் நிற்கும். இதை வகுப்பில் கையைத் தூக்கி எந்தப் பிள்ளையும் சொல்லாது.

இனி வீட்டு வழியின் விலை. இரண்டு பேர், ஒரு கார், ஒரு சாயங்காலம்: மூன்று வீடு போனால் பெரிது. அதே நேரத்தில் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள். கணக்கு போட்டால் வகுப்புதான் ஜெயிக்கும்.

அதைவிடப் பெரிய விலை பாதுகாப்பு. தனியாகப் போகவே கூடாது. பெரியவர் யாரும் இல்லாத வீட்டுக்குள் நுழையக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும், பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றக் கூடாது. சிறார்மீதான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு ஒன்று, சிறார் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவரின் பெயர் அதில் இல்லையென்று உறுதி செய்துகொண்டுதான் நாங்கள் அனுப்புகிறோம். இதில் யாராவது முகம் சுளித்தால் அவர் வேண்டாம். சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். ஆகவே எதையாவது பார்த்துவிட்டு "குடும்ப விஷயம்" என்று வந்துவிட முடியாது. 15999, தாலியான் காசி (Talian Kasih) என்ற அரசு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

தொண்டூழியர் நடுவில் நின்றுபோவதுதான் எனக்கு அதிகக் கவலை. வகுப்பில் ஆசிரியர் மாறினால் பிள்ளை ஒரு வாரத்தில் பழகிவிடும். வீட்டுக்கு நான்கு மாதம் வந்து, சாப்பிட்டு, கஷ்டத்தையெல்லாம் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவரைப் பிள்ளை மறக்காது. அடுத்தவர் போனால் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வேறு வழிகளும் உண்டு. 2011-லிருந்து இயங்கும் மைஸ்கில்ஸ் அறவாரியம் கலும்பாங்கில் தங்கவைத்துத் தொழில் கற்றுத் தருகிறது. பள்ளியை விட்டேவிட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். வாட்ஸ்அப்பில் வழிகாட்டுவது பழகிய பிள்ளைக்கு உதவும், புதிய பிள்ளைக்கு உதவாது.

யார் எங்கே போகலாம்? இரண்டு வருடம் இந்த ஊரில் இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் வகுப்புக்கு வாருங்கள். பல்கலைக்கழக மாணவர்களும் அப்படியே. அங்கே உங்கள் ஒரு மணி நேரம் முழுசாகப் பயன்படும். இந்த வட்டாரத்திலேயே வேரூன்றியவர்கள், பேசுவதைவிட அதிகம் கேட்கத் தெரிந்தவர்கள், மலாய்க் கடிதம் படித்துப் பதில் எழுத முடிந்தவர்கள் வீடுகளுக்கு வாருங்கள். ஆளுக்கு மூன்று குடும்பம், அதற்கு மேல் வேண்டாம். கையில் அரிசி மூட்டையோடு முதல் நாள் போகாதீர்கள். அப்படிப் போனால் அடுத்த முறையிலிருந்து உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பையன் இப்போது நான்காம் படிவம். சனிக்கிழமைகளில் வகுப்பு வேன் சாலைச் சந்திப்பு வரை வந்து அவனை ஏற்றிக்கொள்கிறது. போன மாதம் போனபோது அவன் அம்மா ஓர் உறையை ஒட்டியபடியே கொண்டுவந்து என்னிடம் நீட்டினார், கொஞ்சம் பயத்தோடு. பிரித்துப் படித்தேன். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள்.