வேர்ட்பிரஸா, ஹியூகோவா: அப்பாவின் விதைப் பட்டியலுக்கு எது?

அப்பா நாட்டு நெல் விதை விற்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கறுப்புக் கவுனி, விலை, போன் நம்பர். தளத்தில் வேண்டியது இவ்வளவுதான். வேர்ட்பிரஸ், ஹியூகோ இரண்டும் இணையதளம் உருவாக்கும் மென்பொருள்கள். மூன்று வருஷம் வேர்ட்பிரஸில் ஓட்டிவிட்டு ஹியூகோவுக்கு மாற்றினேன்.

வேர்ட்பிரஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-லிருந்து இருக்கிறது, உலகத் தளங்களில் பத்துக்கு நாலு அதில்தான். அப்பாவே போனில் விலையை மாற்றிவிடுவார்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது வேர்ட்பிரஸில் சர்வர், பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய நிரலை ஓட்டி, தரவுத்தளத்தில் விலையைத் தேடி, அந்த நிமிஷத்தில்தான் உலாவி காட்டக்கூடிய எச்டிஎம்எல் பக்கத்தைத் தயாரிக்கிறது. தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் கேஷ் போட்டால் இந்த வேலை கொஞ்சம் குறையும். ஹியூகோ எல்லாப் பக்கத்தையும் என் கணினியிலேயே முன்கூட்டித் தயாரித்துவிடுகிறது. சர்வரில் கிடப்பது வெறும் கோப்புகள்.

வேகம் இருக்கட்டும், என்னை மாற வைத்தது பராமரிப்பு. பிஎச்பியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன. பிறகு ஒருநாள் தளத்துக்குச் சர்வர் தரும் ஹோஸ்டிங்காரர்கள் 8-க்கு மாற்றினார்கள், மாற்றத்தான் வேண்டும். ஆனால் விலைப் பட்டியலைக் காட்டிய பிளகினை (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சிறு மென்பொருள்) எழுதியவர் எப்போதோ கைவிட்டிருந்தார். 8-ல் அது ஓடவில்லை. பட்டியல் மட்டுமல்ல, தளமே விழுந்தது. ஆடி மாசம், விதை தேடி ஆட்கள் வரும் நேரம். மூன்று நாள் கழித்து அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு போனும் வரலையே?" திறந்து பார்த்தால் கடுமையான பிழை என்று ஒற்றை வரி. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

அதற்கு முன்னும் நிம்மதி இல்லை. வேர்ட்பிரஸ், தீம் (தளத்தின் வடிவமைப்பு), பிளகின் என்று ஏதாவது ஒன்றுக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும். போடாவிட்டால் ஓட்டை, போட்டால் எது உடையுமோ என்ற பயம். லாகின் பக்கத்தில் போட்கள் என்ற தானியங்கி நிரல்கள் பாஸ்வேர்டை முயன்றபடியே இருக்கும்.

இப்போது சர்வரில் லாகினும் இல்லை, தரவுத்தளமும் இல்லை. ஹியூகோவின் புதிய பதிப்பில் தீம் உடைந்தாலும் என் கணினியில்தான் உடையும். ஏற்றி வைத்த பக்கங்களுக்கு ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் தொடாவிட்டாலும் திறக்கும். வெப் பிறந்த சேர்ன் ஆய்வுக்கூடம் பாதுகாத்து வைத்திருக்கும் 1990-களின் ஆரம்பப் பக்கங்களே இன்றைய உலாவியில் திறக்கின்றனவே.

குறையும் உண்டு. அப்பாவால் நேரடியாக மாற்ற முடியாது. "கவுனி தீந்துபோச்சு" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்புவார், நான் ஒரு வரியைத் திருத்தி ஏற்றுவேன். வீட்டில் இதற்கு ஆள் இல்லாதவர்களுக்கு வேர்ட்பிரஸே சரி. கார்ட் (பொருளைச் சேர்க்கும் கூடை), பணம் கட்டும் வசதியோடு கடை நடத்திய அனுபவம் எனக்கில்லை. அதற்கு என் பேச்சை நம்பி மாறிவிடாதீர்கள்.

செலவு? தளக் கோப்புகளை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைத்திருக்கிறேன். டொமைன் பெயரை (தளத்தின் முகவரி) மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அது வேர்ட்பிரஸிலும் உண்டு. அந்தத் தேதிக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.