நீண்ட நேரப் பதிவு: செட் டாப் பாக்ஸா, சிறு கணினியா?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அப்படிப்பட்ட நாளில் டிவியை மணிக்கணக்கில் பதிய நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

பென் டிரைவ் செருகும் செட் டாப் பாக்ஸ் எளிது. பட்டனை அழுத்தினால் போதும், வீட்டில் யாரும் செய்யலாம். ஆனால் பல பெட்டிகள் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைத்தான் ஏற்கும்; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. ஒளிபரப்பு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிபி ஆகும். இரண்டேகால் மணி நேரம் தாண்டியதும் கோப்பு நிரம்பிவிடும். நல்ல பெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும், மற்றது அங்கேயே நின்றுவிடும். ஒரு மணி நேர நாடகத்துக்குச் சரி, மணிக்கணக்கில் ஓடும் காவடி ஒளிபரப்புக்கு நான் இதை நம்பமாட்டேன்.

இரண்டாவது வழி சிறு கணினி: ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி, டிவி அலையைப் பிடிக்கும் யூஎஸ்பி டியூனர், பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருள் மூன்றையும் இணைத்து அமைக்க ஒரு மாலைப்பொழுது போகும். அப்புறம் கவலை குறைவு. மொரீஷியஸின் ஒளிபரப்பு டிவிபி-டி என்ற, ஆன்டெனா வழியே வரும் டிஜிட்டல் முறை என்பதால் அதற்கேற்ற டியூனராகப் பார்த்து வாங்குங்கள். அலையில் வரும் டிஎஸ் ஓடையை (படமும் ஒலியும் சிறு பொட்டலங்களாக வரும் தரவை) அப்படியே எழுதுவதால் தரம் குறையாது. புயலில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் ஓடும். எம்பி4 கோப்பு என்றால், கடைசியில் எழுதப்படும் அட்டவணை இல்லாமல் திறக்கவே மறுக்கலாம். ஒன்று மட்டும்: பதிவைக் கணினியின் மெமரி கார்டில் வைக்காமல் வெளி ஹார்ட் டிஸ்கில் எழுதுங்கள்.