குரு டோகா பென்சில்: ஒரு கணித மாணவியின் மதிப்புரை

தேர்வு முடிவு எப்போது வரும், ஆய்வுக்கு வழிகாட்டியாக யார் கிடைப்பார், அடுத்த பருவத்தில் விரும்பிய பாடத்தை நடத்துவார்களா என்பவை எல்லாம் பல்கலைக்கழக மாணவரின் கையில் இல்லை. நோட்டின் முதல் வரியை எழுதிய அதே மெல்லிய கோட்டில் கடைசி வரியையும் எழுத முடியுமா என்பது நம் கையில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், கையில் இருக்கும் பென்சிலில் இருக்கிறது. முதுகலைக் கணிதம் படிக்கும் எனக்கு நாளுக்கு நாள் கிடைக்கும் சின்னஞ்சிறு மகிழ்ச்சிகளில் பாதி இந்தப் பொருளிலிருந்தே வருவதால், அதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

பென்சிலின் பெயர் யூனி குரு டோகா. சீவத் தேவையில்லாமல், உள்ளே லெட் எனப்படும் மெல்லிய எழுதுகுச்சியைப் போட்டு எழுதும் மெக்கானிக்கல் பென்சில் இது. ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. நான் பயன்படுத்துவது 0.5 மில்லிமீட்டர் லெட் போடும் சாதாரண வகை.

முதலில், இது எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் பென்சிலை நாம் சாய்த்துப் பிடிக்கிறோம். அதனால் லெட்டின் ஒரு பக்கம் மட்டும் தாளில் உரசித் தேய்கிறது. பத்து வரி எழுதுவதற்குள் நுனி சரிவாக வெட்டப்பட்டதுபோல் ஆகிவிடும், கோடு தடிக்கும். அப்போது கை தானாகவே பென்சிலைச் சற்றுத் திருப்பும். திருப்பினால் சரிவின் கூரான விளிம்பு தாளில் பட்டுக் கீறும். சில சமயம் பொட்டென்று உடையும். மெக்கானிக்கல் பென்சிலில் எழுதுகிற எல்லோருடைய விரல்களும் இந்தத் திருப்பலைச் செய்துகொண்டே இருக்கும். பழகிப்போனதால் கவனிப்பதில்லை. ஆனால் கீழெழுத்துக் குறிகள் நிறைந்த ஒரு சமன்பாட்டை எழுதும்போது கோடு தடித்துவிட்டால் அடுத்த நாள் அதைப் படிக்கவே முடியாது. அடியில் எழுதியது 1-ஆ, ஆங்கில i-யா, j-யா என்ற சந்தேகத்திலேயே நிரூபணம் நின்றுபோகும்.

குரு டோகா அந்தத் திருப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. உள்ளே லெட்டைப் பிடித்திருக்கும் பகுதியோடு ஒரு பல்சக்கரம் இணைந்திருக்கிறது. அதன் மேலும் கீழும் சாய்வான பற்களைக் கொண்ட இரண்டு வளையங்கள் அசையாமல் நிற்கின்றன. நுனி தாளைத் தொடும்போது அந்த அழுத்தத்தில் லெட் மயிரிழை அளவு உள்ளே செல்ல, நடுச்சக்கரம் மேலே ஏறி மேல் வளையத்தின் பற்களில் சறுக்கிப் பொருந்துகிறது. கையைத் தூக்கியதும் ஒரு சிறு சுருள்வில் அதைக் கீழே தள்ள, கீழ் வளையத்தின் பற்களில் மறுபடி சறுக்கிப் பொருந்துகிறது. இந்த இரண்டு சறுக்கலும் சேர்ந்து லெட்டை 9 பாகை திருப்பிவிடும். நாற்பது முறை தொட்டு எடுத்தால் ஒரு முழுச் சுற்று. எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்வதால் நுனி கூம்பாகவே நிலைக்கிறது. மின்கலம் இல்லை, மோட்டார் இல்லை. எழுதும் கையின் அழுத்தமே எந்திரத்தை ஓட்டுகிறது. இவ்வளவு எளிய கருத்தை இவ்வளவு சிறிய இடத்துக்குள் அடக்கிய பொறியாளர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

கணிதம் எழுதுபவருக்கு இது மிகவும் பொருத்தமான கருவி. சமக்குறிக்கு இரண்டு தொடுதல், கூட்டல் குறிக்கு இரண்டு, பெருக்கல் குறிக்கு இரண்டு. அடைப்புக்குறிகள் இருபுறமும் ஒவ்வொன்று. மேலெழுத்து, கீழெழுத்து ஒவ்வொன்றுக்கும் கை தனியாக எழும்பி இறங்க வேண்டும். மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை எழுதி முடித்தால் லெட் கால் சுற்றுக்கு மேல் திரும்பியிருக்கும். விரிவுரையாளர் கரும்பலகையில் வேகமாக எழுதிக்கொண்டே போகும் நாளில், நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக ஒரு மணி நேரம் போய்விடும். வகுப்பு முடிந்து பக்கங்களைப் புரட்டினால் எல்லாக் குறியும் ஒரே தடிமனில் நிற்கும். கடைசிப் பக்கத்தின் எப்சிலான் (ε என்ற கிரேக்க எழுத்து) முதல் பக்கத்தின் எப்சிலானைப் போலவே மெலிதாக இருக்கும். அன்றைய பாடம் பாதிதான் புரிந்திருந்தாலும் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது மறுபடி உட்கார்ந்து படிக்கலாம் என்ற தெம்பு பிறக்கிறது. அழகான குறிப்பு அறிவாகிவிடாதுதான்; ஆனால் அறிவைத் தேடித் திரும்பி வரவைக்கும்.

பிடிக்கு அருகே ஒளிபுகும் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் வழியே உள்ளே சக்கரம் நகர்வது தெரியும். யோசிக்கும் நேரத்தில் தாளின் ஓரத்தில் நுனியை மெல்லத் தட்டித் தட்டி அது நகர்வதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கணக்கு நகராத நேரத்திலும் அது நகர்கிறது.

இனித் தமிழில் எழுதும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இந்தப் பென்சிலைப் பற்றிய மதிப்புரைகளில் இதை நான் எங்கும் பார்க்கவில்லை. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கையைத் தூக்காமல் எழுதப்படுபவை. ல, ள, ழ, ண, ஞ ஆகியவற்றை எழுதிப் பாருங்கள்: சுழித்து, வளைத்து, இழுத்து, ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஐகாரக் கொம்பு போட்டு ணகரம் எழுதினால் எத்தனை சுழி! அத்தனையும் சேர்ந்து இரண்டே தொடுதல்தான். தாளில் லெட் ஓடும் தூரம் அதிகம், கை எழும்பும் தடவை குறைவு. கூர் காப்பது தொடுதல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், தமிழில் தொடர்ந்து எழுதும்போது நுனி கணிதத்தில் இருக்கும் அளவுக்குக் கூராக இருப்பதில்லை. சேர்த்தெழுதும் எந்த எழுத்து முறைக்கும் இது பொருந்தும்.

ஆனால் நமக்குப் புள்ளி இருக்கிறது. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் கை எழும்பித் தாளைத் தொட வேண்டும். ‘தொடர்ச்சியான சார்பு’ என்று எழுதினால் மூன்று புள்ளி. ‘ஒன்றுக்கொன்று’ என்று எழுதினாலும் மூன்று. வல்லினம் மிகும் இடங்களில் எல்லாம் ஒற்றெழுத்து வந்து ஒரு புள்ளியைச் சேர்க்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து, குறிப்பெடுக்கும் அவசரத்தில் புள்ளிகளை விட்டுவிடும் பழக்கமே எனக்குப் போய்விட்டது. நூலகத்தில் தமிழில் எதையாவது சுருக்கி எழுதிக்கொண்டிருக்கும்போது, புள்ளி வைக்கும் ஒவ்வொரு தடவையும் நுனி ஒரு துளி திரும்புகிறது என்ற நினைப்பே இன்பமாக இருக்கிறது.

பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதுபவர்களுக்கு அட்வான்ஸ் என்ற வகை ஏற்றது. அதில் ஒரு தொடுதலுக்கு 18 பாகை திரும்பும். இருபது தொடுதலில் ஒரு சுற்று முடிந்துவிடும். இலக்கியம், வரலாறு, சட்டம் படிக்கும் நண்பர்கள் கேட்டால் நான் தயங்காமல் அதையே சொல்கிறேன்.

மெக்கானிக்கல் பென்சிலின் வரலாறும் சுவையானது. சாம்ப்ஸன் மோர்டனும் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் 1822-இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜப்பானில் தொகுஜி ஹயகாவா 1915-இல் ஒரு வகையை உருவாக்கினார். பின்னாளில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பெயர் பெற்ற ஷார்ப் நிறுவனத்தின் பெயரே அந்தப் பென்சிலிலிருந்து வந்தது. மரப் பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. அந்தக் கலவையில் இவ்வளவு மெல்லிய லெட் செய்தால் தாங்காது. களிமண்ணுக்குப் பதிலாகப் பாலிமர் பிசினைச் சேர்த்த லெட்டை 1960-இல் பென்டெல் கொண்டுவந்த பிறகே 0.5 போன்ற அளவுகள் அன்றாடப் புழக்கத்துக்கு வர முடிந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்துக்கும் கார் தயாரிக்கும் மிட்சுபிஷி குழுமத்துக்கும் தொடர்பு கிடையாது. மூன்று வைரச் சின்னம் இரண்டுக்கும் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

பேனா இருக்கப் பென்சில் எதற்கு என்று பிற துறை நண்பர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போடும் தாளில் தவறும் ஒரு படி. ஒரு சமனிலியை நிரூபிக்க இடப்பக்கத்திலிருந்து தொடங்குவேன். ஐந்தாவது வரியில் வழி அடைபடும். பேனாவில் எழுதியிருந்தால் அந்த ஐந்து வரியும் அடித்தல் குறிகளோடு கண்முன்னே கிடந்து அடுத்த முயற்சியைத் தடுத்துக்கொண்டே இருக்கும். ரப்பரை எடுத்து நிதானமாக அழித்து, துகள்களைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்தால் மேல் இரண்டு வரி மட்டும் நிற்கும், கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போது வரும் உற்சாகம் மாணவ வாழ்க்கை எனக்குக் கொடுத்த மிக நல்ல பரிசுகளில் ஒன்று. கூரான நுனியில் அதிகம் அழுத்தாமல் எழுதியிருந்தால் அழித்த தடம்கூடத் தெரியாது. இந்தப் பென்சிலை அழுத்தி எழுதத் தேவையே இல்லை என்பதால் அழிப்பதும் சுலபமாகிவிடுகிறது. மூடிக்கு அடியில் இருக்கும் சிறு ரப்பரை மட்டும் தொடாதீர்கள், அது அவசரத்துக்கு. தனியாக வினைல் ரப்பர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டினாற்போல் பெட்டியில் போட்டு வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ரப்பரின் காகித உறையைக் கழற்றி எறியாமல் இருப்பது அதற்காகத்தான்.

லெட்டைப் பற்றியும் கொஞ்சம். நடுத்தரக் கடினமுள்ள எச்பி எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் குறிப்புகளைக் கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புபவராக இருந்தால் அதைவிட மென்மையான பி அல்லது 2பி போடுங்கள். எச்பி எழுத்து படத்தில் வெளிறித் தெரியும். 2பி கருப்பாக விழும், அதே அளவுக்குக் கையில் ஒட்டி ஈஷிக்கொள்ளும். இடக்கையால் எழுதுபவர்கள் எச்பியோடு நிற்பது நல்லது. பொடிப்பொடியாக எழுதுபவர்களுக்கு 0.3 உண்டு, அழுத்தி எழுதுபவர்கள் 0.7 வாங்கலாம்.

வகுப்பின் நடுவில் பக்கத்து இருக்கைக்காரர் சத்தமில்லாமல் உள்ளங்கையை நீட்டுவார். லெட் தீர்ந்துவிட்டது என்று பொருள். டப்பாவைச் சாய்த்து ஒரு குச்சியை அந்தக் கையில் விழவைப்பேன். பேச்சே இல்லாமல் நடக்கும் இந்த உதவியில் தொடங்கிய நட்புகள் எனக்கு இருக்கின்றன. முதல் நாளிலிருந்து பெயர் தெரியாமலேயே லெட் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்திதான் இப்போது நான் எழுதும் எல்லா நிரூபணத்திலும் ஓட்டை தேடிச் சொல்பவள். ஆகவே டப்பாவில் எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள்.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைப்பேனா? இல்லை. பொறியியல் வரைபடம் போடுபவர்களுக்கு இது தேவையில்லை. நீளக் கோடு ஒன்றை ஸ்கேல் வைத்து இழுக்கும்போது தொடுதல் ஒன்றுதான். சக்கரத்துக்கு வேலை இல்லை. தாளைத் தொடும்போது லெட் மயிரிழை உள்ளே போவதும் துல்லியமாகக் கோடு போடுபவருக்கு உறுத்தும். அந்த அசைவு இல்லாவிட்டால் லெட் சுழலாது என்பதால் அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பேனாவில் எழுதச் சொல்லும் தேர்வுகளுக்கும் இது உதவாது. எல்லா மெக்கானிக்கல் பென்சில்களையும் போலவே, லெட்டின் கடைசித் துண்டைப் பிடிக்க முடியாமல் அது வீணாவதும் உண்டு. நுனி கீழே இருக்கும்படி தரையில் விழுந்தால் உலோகக் குழல் வளையக்கூடும். பையில் தனியாகப் போடாமல் பெட்டிக்குள் வையுங்கள்.

உலோகப் பிடி கொண்ட ரூலெட் வகையும் இருக்கிறது. தோழியினுடையதை வாங்கி ஒரு மாலை முழுவதும் எழுதிப் பார்த்தேன். சொரசொரப்பான பிடி விரலில் வழுக்காமல் நிற்கிறது. கனம் நுனிப்பக்கம் இருப்பதால் கை தன்னால் இறங்குகிறது. அழகு என்று பார்த்தால் அதுதான். ஆனால் நீண்ட நேரம் எழுதுபவர்களுக்கு இலேசான சாதாரண வகையே நல்லது என்பது என் முடிவு. கணிதம், இயற்பியல், வேதியியல் படிப்பவர்கள் சாதாரண 0.5-ஐ வாங்குங்கள். தமிழிலோ வேறு மொழியிலோ பக்கங்களை நிரப்புபவர்கள் அட்வான்ஸை வாங்குங்கள். கூடவே ஒரு பி லெட் டப்பாவும் உறையோடு கூடிய வினைல் ரப்பரும் போதும்.