செம்பூரில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும் சர்வீஸ்: கைக்கு ஐந்து ஸ்டார், மருந்துத் தண்ணிக்கு சைபர்

மும்பையில் பிரசவமான வீட்டுக்கு நல்ல மாலிஷ்வாலி, அதாவது பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பெண், கிடைப்பது லேசில்லை. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கோ பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெம்பில்லை. அதனால் தங்கை வீட்டுக்கு ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். ஏஜென்சி பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை.

வந்த அம்மா ரத்னகிரிக்காரர். அவர் கைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஸ்டார் கொடுப்பேன். நகம் ஒட்ட வெட்டியிருக்கும். வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். காதில் மூக்கில் எண்ணெய் விடும் வேலையெல்லாம் கிடையாது. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் மெல்லிய துணியால் ஒத்தித்தான் எடுப்பார், தேய்க்கவே மாட்டார்.

வம்பெல்லாம் ஏஜென்சி தலையில் கட்டிய 'இன்ஃபெக்‌ஷன் பேக்கேஜ்'தான். கூடுதல் காசுக்குக் குளிக்கிற தண்ணீரில் ஒரு மூடி ஆன்டிசெப்டிக், குளித்ததும் தொப்புளில் ஆரம்பித்து உடம்பு முழுக்கக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பு, தினமும். சூப்பர்வைசர் நம்ம தாராவித் தமிழர்தான், "டபிள்யூஹெச்ஓவே சொல்லிருக்குக்கா" என்று அடித்துப் பேசினார்.

அதில் பாதி உண்மை, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில், பெரும்பாலும் வீட்டிலேயே பிரசவம் நடக்கிற ஊர்களில், 4 சதவீதக் குளோர்ஹெக்சிடினால் தொப்புளைச் சுத்தம் செய்தபோது கடுமையான தொப்புள் தொற்று 75 சதவீதம் குறைந்தது. 2006இல் வந்த முடிவு அது. அதே மாவட்டத்தில் பிறந்த குழந்தையின் உடம்பை 0.25 சதவீதக் கரைசலால் ஒரே ஒரு முறை துடைத்தும் பார்த்தார்கள். 2007இல் வந்த அந்த முடிவில் மொத்தத்தில் இறப்பு குறையவில்லை, எடை குறைந்து பிறந்தவர்களிடம் மட்டும் 28 சதவீதம் குறைவு. நம்ம பையன் ஆஸ்பத்திரியில் 3 கிலோவில் பிறந்தவன். அவனுக்கு எதுக்கு தினம் தினம் மருந்துத் துடைப்பு? உலக சுகாதார நிறுவனம் இப்போது பொதுவாகச் சொல்வது தொப்புளைச் சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்தால் போதும் என்பதுதான். சாணி, சாம்பல் மாதிரி கெடுதலானதைத் தொப்புளில் வைக்கும் பழக்கம் இருக்கிற இடங்களுக்குத்தான் குளோர்ஹெக்சிடின்.

அவர்கள் கொடுத்த பாட்டிலில் எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தது போல, லேபிளே இல்லை! இது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், சொட்டு மருந்து என்று நினைத்துக் கண்ணில் விட்டுக் குழந்தைகளுக்குப் பார்வை பாதித்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. அப்புறம், தோல் வழியாக எதுவும் உள்ளே போகாது என்று வாதாடுகிறவர்களுக்கு: 1972இல் பிரான்ஸில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அதிகம் கலந்துபோன பவுடரைப் போட்டு 36 குழந்தைகள் இறந்தன. அது வேறு மருந்துதான், ஆனால் போன வழி தோல்தான்.

பையனுக்குத் தொடை மடிப்பு சிவந்து தோல் உரிய ஆரம்பித்ததும் டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதுமாம். சிவப்பு தானாக அடங்கியது.

மாலிஷ் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், பேக்கேஜுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த மாத பில்லில் கழிப்பதாகச் சொன்னார்கள். பில் வந்துவிட்டது, கழிக்கவில்லை.